வாலுவின் ஆம்ப்

கழற்றிய உதிரிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, ரிப்பேர் பார்த்த கிதார் ஆம்ப்ளிஃபயரோடு, அதாவது ஆம்போடு, சேர்த்துக் கொடுத்துவிடுவது என் கடை வழக்கம். பெரிய நேர்மை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். கிதார் வாசிக்கிறவர்கள் சந்தேகப் பிராணிகள். அதிலும் பழைய ரேடியோ மாதிரிக் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப் வைத்திருக்கிறவன் இன்னும் ஒரு படி மேலே. "நல்ல வால்வை உருவிக்கிட்டு டப்பா வால்வைச் சொருகிட்டான்" என்று பார்க்கிறவனிடமெல்லாம் புலம்புவான். அதற்குத்தான் பை. இந்தா, உன் குப்பையை நீயே எடுத்துக்கொண்டு போ, என் உயிரை வாங்காதே.

அக்கா வீட்டு ஆம்புக்கு மட்டும் நான் பை கொடுக்கவில்லை. சொந்த அக்காவும் அத்தானுமா என்னைச் சந்தேகப்படப் போகிறார்கள்? கழற்றியதையெல்லாம் கடைக் குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் காலை குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அந்த ஆம்ப் வாலுவுடையது. வாலு என் அக்காவின் ஒரே மகன். சின்ன வயதில் செய்த அட்டகாசத்துக்காக வைத்த பெயர், ஆறடி வளர்ந்து மீசை முளைத்த பிறகும் அவனை விடவில்லை. அந்தப் பழைய ஆம்பை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தான். சாயங்காலமானால் கிதாரை அதில் சொருகி வாசிக்க ஆரம்பித்துவிடுவான். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், இவன் அவரையே உட்கார வைத்து வாசித்துக் காட்டுவான். போன மழைக்காலத்தில் பைக் சறுக்கி விழுந்து செத்துப்போனான். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் நடந்தது அதுதான், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ரயில் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலோடு இறங்கி, சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவது அவர் வேலை. நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும். விரிசல் விட்ட சக்கரம் பொத்தென்று செத்த சத்தம் போடும். அவர் காதை நம்பித்தான் அத்தனை பேர் அந்த வண்டியில் ஏறிப் போனார்கள்.

மகன் போனதும் அவர் பேச்சும் போய்விட்டது. சாப்பாட்டைப் போட்டு வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். பிறகு ஒரு சாயங்காலம் அவராக எழுந்து வாலுவின் அறைக்குப் போனார். ஆம்பின் ஸ்விட்சைப் போட்டார். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை ஒவ்வொன்றாகச் சுண்டினார். இடது கை எதையும் தொடவில்லை. ஒரு கம்பியின் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்தது. ஆறு கம்பியும் முடிந்ததும் ஆம்பை அணைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டாராம். அக்கா எனக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அந்த ஆறு கம்பியும் முடிந்தால் அவர் மனுஷன். அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுவார், நாலு வார்த்தை பேசுவார். அக்காவும் அப்போதுதான் சாப்பிடுவாள். அவர் சாப்பிடாமல் அவளுக்கு ஒரு வாய் இறங்காது.

ஒருநாள் ஆம்ப் உறும ஆரம்பித்தது. கருகின வாடையும் வந்தது. "வீடு பத்திக்கிட்டா என்னடா பண்றது? வந்து தூக்கிட்டுப் போ" என்றாள் அக்கா. போனேன், தூக்கி வந்தேன், பின்பக்கத்தைத் திறந்தேன். கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஸ்பீக்கருக்குச் சத்தம் தள்ளுகிற கடைசி வால்வுகளில் ஒன்று உள்ளே செக்கச்செவேல் என்று பழுத்துக்கொண்டிருந்தது. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குச் சத்தத்தைக் கடத்துகிற கண்டன்சர் கசிந்திருந்தது. சத்தத்தை மட்டும் உள்ளே விட்டு, நேர் மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. இது தூங்குமூஞ்சிக் காவல்காரன் மாதிரி இரண்டையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. பெரிய கண்டன்சர்கள் உப்பிப்போயிருந்தன. ரெசிஸ்டர் ஒன்று கரிக்கட்டை. அதுவரை தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். கடைசி வால்வுகள் இரண்டையும் மாற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. உறுமல் சுத்தமாக இல்லை. அக்கா மகனுடையது என்பதால் பெட்டியைக்கூடத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அக்கா போன் பண்ணினாள். "டேய், ஒரு கம்பிதான் தட்டினார். கையை எடுத்துட்டார். அப்படியே உக்காந்திருக்கார்."

"என்னவாம்?"

"அவன் இல்லைங்கிறார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அக்கா, அந்த ஆம்ப் இப்பதான் ஒழுங்கா இருக்கு. முன்ன இருந்ததுதான் கோளாறு."

"எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான்டா கேக்குது. அவருக்கு அப்படி இல்ல போல. ராத்திரி சாப்பிடல. காலையிலயும் சாப்பிடல. நீ எதை எடுத்தியோ அதைத் திருப்பிக் குடு."

அன்றைக்கே போய் ஆம்பையும் அத்தானையும் கடைக்கு அழைத்து வந்தேன். கிதாரை அவரே சுமந்து வந்தார். கம்பிகள் துருப்பிடித்து, சுருதி இறங்கிக் கிடந்தன. நான் கையை நீட்டியதும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இதைத் தொடாதே மாப்ளே. இதுல ஒண்ணும் மாறல." அப்புறம் என் மேஜையை, அலமாரியை, தரையை ஒரு சுற்றுப் பார்த்தார். "எடுத்ததெல்லாம் எங்க?"

நான் கூடையைப் பார்த்தேன். அதில் டீ குடித்த பேப்பர் கப்புகள் கிடந்தன. "போயிடுச்சு அத்தான்."

அவர் குனிந்து அந்தக் கப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஊர் பேர் தெரியாத கிதார்காரனுக்கெல்லாம் பை கட்டிக் கொடுத்தவன், சொந்த அக்காவுக்குக் கொடுக்காமல் விட்டேன். குப்பை சேர்க்கிற கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். மலை மாதிரி குவிந்திருந்தது. அங்கிருந்த காவலாளி, "என்ன சார், மோதிரமா?" என்று கேட்டான். "கண்டன்சர்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தான்.

சரி, அந்தச் சத்தத்தைத் தேடித்தான் ஆக வேண்டும் என்று கடையில் உட்கார்ந்தேன். ஆம்பின் குரல் மாறிவிட்டது என்று யார் வந்தாலும் நான் ஒரே முறையில்தான் வேலை செய்வேன். மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையைக் கட்டிவிடுவேன். வந்தவர் அந்தப் பக்கம் வாசிக்க வேண்டும், நான் இந்தப் பக்கம் மாற்றுவேன். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு சாமான். எதை மாற்றினேன் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் புது வால்வு என்று காதில் விழுந்தாலே கிதார்காரனுக்குச் சத்தம் தேனாக இனிக்கும். நடுநடுவே ஒரு சுற்றில் எதையுமே மாற்ற மாட்டேன். ஆம்பை அணைப்பேன், குறட்டை எடுத்துத் தட்டுவேன், திருப்புளியை உருட்டுவேன், ஈயம் உருக்குகிற நேரம் காத்திருந்து திரும்பப் போடுவேன். சும்மா நடிப்பு. ஹோட்டலில் வாசிக்கிற பெரிய கிதார்காரர் ஒருவர் அந்தச் சும்மா சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, இப்பதான்யா உயிர் வந்துச்சு" என்றார். போர்வைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அத்தானிடமும் அதே வேலையைக் காட்டினேன். முதல் சுற்றில் முன்பக்க வால்வை மாற்றினேன். கம்பியைச் சுண்டிவிட்டு, "கொஞ்சம் கூர்மையாயிடுச்சு. இது இல்ல" என்றார். சரியாகத்தான் சொன்னார். அடுத்தது சும்மா சுற்று. குறட்டை நாலு தட்டுத் தட்டினேன். ஒரே ஒரு கம்பிதான் சுண்டினார்.

"மாப்ளே, எதையும் மாத்தலியே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். "அது... மறந்துட்டேன் அத்தான்" என்று அசடு வழிந்தேன். போர்வைக்கு அந்தப் பக்கம் லேசாகச் சிரித்த மாதிரி ஒரு மூச்சு கேட்டது. மகன் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு எத்தனையோ சும்மா சுற்று விட்டேன். அவரைச் சோதிப்பதற்கு இல்லை, அந்த மூச்சுச் சிரிப்புக்காக. ஒரு தடவைகூட அவர் ஏமாறவில்லை. "சும்மா தட்டாதே, வேலையைப் பாரு" என்பார்.

வேலையைத்தான் பார்த்தேன். தினமும் சாயங்காலம் கிதாரோடு வந்து உட்காருவார். ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன். இல்லை என்றார். வீட்டு மின்சாரம் வேறு, கடை மின்சாரம் வேறு என்று ஆம்பைத் திரும்ப அக்கா வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய் அதே பிளக்கில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. வாலு வாசித்தது அக்காவின் செல்போனில் இருக்கிறதே, அதை வைத்துப் பிடிக்கலாம் என்று போட்டுக் காட்டினேன். இரண்டு நொடி கேட்டுவிட்டு, "இது போன் சத்தம். அணை" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை. தடித்த கம்பியைத் தட்டினால் அந்தப் பழைய சத்தம் முதலில் லேசாக அமுங்கும், பிறகு மெதுவாக எழும், அடங்கும்போது தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்போடு போகும். வாலு வாசிக்கும்போது நானே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். உப்பின கண்டன்சர் அமுக்கியது. கசிந்த கண்டன்சர் கரகரத்தது. கருகின ரெசிஸ்டரும் அதன் பங்குக்கு எதையோ செய்தது. எல்லாம் வியாதி. அந்த வியாதி எல்லாம் சேர்ந்துதான் வாலுவின் குரல். நான் வைத்தியம் பார்த்து அதைச் சொஸ்தப்படுத்தி வைத்திருக்கிறேன்.

"அத்தான், அது ஆம்போட சத்தமே இல்ல. கெட்டுப்போனதோட சத்தம்" என்றேன்.

"அவன் அதுலதானே வாசிச்சான்?"

அன்றிலிருந்து ஆம்பை வேண்டுமென்றே கெடுக்க ஆரம்பித்தேன். ஆயுசு முழுக்கக் கோளாறைச் சரிபண்ணிப் பிழைத்தவன், ஈயம் வைத்துக் கோளாறு செய்துகொண்டிருந்தேன். புதுக் கண்டன்சருக்குக் குறுக்கே ரெசிஸ்டர் போட்டுக் கசிய விட்டேன். வால்வு பழுத்தது. பழுக்கட்டும் என்று விட்டேன். ரெசிஸ்டரை நெருப்பில் காட்டிக் கருக்கினேன். பழைய இரும்புக் கடைகளில் செத்த ரேடியோக்களை வாங்கி வந்து, அவற்றின் வயிற்றிலிருந்து உப்பின கண்டன்சர்களைப் பிடுங்கிச் சொருகினேன். கடைக்கு வந்த மற்ற வேலையெல்லாம் ஓரத்தில் தூசி படிந்து கிடந்தது. கேட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் அப்படி ஒரு ரேடியோக் கண்டன்சர் போட்டதும், தடித்த கம்பியைச் சுண்டிவிட்டு அவர் அசையவில்லை. திரும்பச் சுண்டினார். போர்வையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். தலை நிமிர்ந்திருந்தது. மூன்றாவது தடவையும் சுண்டி, அது அடங்குகிறவரை கேட்டார்.

"கிட்ட வருது. இருமல் இருக்கு" என்றார். "ஆனா வேற யாரோ இருமறாங்க மாப்ளே."

அந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம்கூட அதற்கு மேல் நகர முடியவில்லை. அதே மாதிரி ரேடியோவை இன்னும் எத்தனையோ அறுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கண்டன்சரும் அது கிடந்த வீட்டுச் சூட்டில், அது உழைத்த உழைப்பில், அதன் வழியில் கெட்டுப்போயிருந்தது. வாலு ஒவ்வொரு சாயங்காலமாக வாசித்து வாசித்துக் கெடுத்த கண்டன்சர் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதை நான் டீ கப்போடு சேர்த்துப் போட்டேன்.

கடைசியாக அவர் வந்த அன்று அக்காவும் கூட வந்தாள். அவளை வெளிச்சத்தில் பார்த்து நாளாயிற்று. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கடைக்குள் நடந்து வருவதற்கே கதவைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை மட்டும் பார்த்தாள். எப்போது முடியும் என்று கேட்கவில்லை. தம்பி கெட்டிக்காரன், எப்படியும் கொண்டுவந்துவிடுவான் என்கிற அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

போர்வைக்குப் பின்னால் போனேன். மேஜையில் இருந்ததையெல்லாம் பார்த்தேன். எல்லாம் ஒரு தடவை போட்டுப் பார்த்தது, அவர் வாயால் இல்லை என்று கேட்டது. மாற்றுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. "இனிமே முடியாது அத்தான்" என்று சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரமாவது தள்ளிப்போடலாம் என்று ஆம்பை அணைத்தேன். குறட்டை எடுத்துத் தட்டினேன். திருப்புளியை உருட்டினேன். ஈயம் உருக்குகிற கருவியை நான் அன்றைக்குப் பிளக்கில்கூடப் போட்டிருக்கவில்லை. அவர் கண்டுபிடித்துவிடுவார், "சும்மா தட்டாதே" என்பார், அந்தச் சிரிப்போடு சிரிப்பாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆம்பைத் திரும்பப் போட்டேன்.

தடித்த கம்பி பேசியது. அடங்கியது. அடுத்த கம்பி. அதற்கடுத்தது. அவர் நிறுத்தவில்லை. ஆறாவது கம்பிவரை போனார்.

"வந்துடுச்சு மாப்ளே," என்றார். "இதுதான். அவனேதான்."

அக்கா ஓவென்று அழுதாள். "நிஜமாவா? நிஜமாவாங்க?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான்தான் சொன்னேனே, இவன் கொண்டுவந்துடுவான்னு!" நான் போர்வைக்குப் பின்னால், கையில் சூடே ஏறாத கருவியோடு நின்றேன். எனக்கு வெளியே வரப் பயமாக இருந்தது.

வந்தேன். அத்தான் கிதாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஆம்பை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். வைக்கிறதற்கு முன்னால் பழுக்கிற வால்வைச் சரிசெய்து, கருக்கினதை எடுத்துவிட்டு நல்லதாகவே போட்டுவிட்டேன். இனி எதைப் போட்டால் என்ன? அக்கா என்னைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. அத்தான் தட்டின் முன்னால் உட்கார்ந்து, கேட்காமலே பேசினார். யார்டில் ஒரு அதிகாரி சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். அக்கா சிரித்தாள். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். அவள் சாப்பிடுவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டில் பாதி அப்படியே இருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை.

வாசல்வரை என்னோடு வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். "அத்தான், கடைசியில நான் எதையும் மாத்தல."

"தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"அவளைப் பாத்தேல்ல?" என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "நீயும் எவ்வளவுதான் பண்ணுவே. விட்டுடு."

"நாளைக்குச் சாயங்காலம்?"

"தட்டணும். ஆறையும் தட்டினாத்தானே அவ நம்புவா." கதவைச் சாத்தப் போனவர் திரும்பினார். "தினமும் தட்டணும் மாப்ளே."

மறுநாள் சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். குரலில் அத்தனை தெம்பு. "டேய், ஆரம்பிச்சுட்டார். இரு, உனக்கும் காட்டறேன்" என்று போனை அந்த அறைப் பக்கம் நீட்டினாள். தடித்த கம்பி கேட்டது. சுத்தமான சத்தம், உறுமல் இல்லை, கரகரப்பு இல்லை, என் கை வேலை. அடங்குகிறவரை அவர் காத்திருந்தார். அடுத்ததைத் தட்டினார்.

"கேக்குதா? எம் பையன்டா" என்றாள் அக்கா.

"கேக்குதுக்கா" என்றேன்.